மாஸ்க் கசிகிறது

தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியபோது மகள், மருமகன், மச்சினன் மூன்று பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட கண்ணாடிக் கடைக்காரருக்கு வேறு வழி தெரியவில்லை.

"மாஸ்க் கசியுது" என்றார்.

"கண்ணு ஏம்பா இப்படிச் சிவந்திருக்கு?" மகள் இடுப்பளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அருகே வந்தாள்.

"அதான் சொல்றேனே. உப்புத் தண்ணி உள்ள வந்துடுச்சு."

பொய். ஆயுசு முழுக்க மூக்குக் கண்ணாடி விற்றவருக்கு ஒரு கண்ணாடி நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரியாதா? மீன் பார்ப்பதற்காகக் கண்ணையும் மூக்கையும் மூடி மாட்டியிருந்த அந்த மாஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. அவர் அழுதிருந்தார். மனைவி இறந்துபோன பிறகு முதல் தடவையாக.

வீட்டில் அழ இடமில்லாமல் போயிருந்தது. குளியலறையில் கொஞ்சம் நேரமானால் மருமகன் கதவைத் தட்டி, "மாமா, டவல் வேணுமா?" என்பான். கடைக்குப் போனால் மனைவியின் தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜோக் அடிக்க வந்துவிடுவான். எல்லாவற்றுக்கும் மேலே மகளின் கண்டிப்பு. "நீங்க தேறிட்டீங்கன்னு தெரிஞ்சாதான் தனியா விட்டுட்டுப் போவேன். இல்லேன்னா கடையை வித்துட்டு எங்களோட வந்துடணும்."

கடையில் கல்லாவுக்குப் பின்னால் மனைவியின் நாற்காலி இருக்கிறது. அதை விற்பதாவது! அதனால்தான் தீவுக்குப் போகலாம், கடற்கரை கடற்கரையாகச் சுற்றலாம், மீன் பார்க்கலாம் என்று மகள் சொன்னபோது, நீச்சல் சட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பினார். இது பரீட்சை என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்ததும் உலகத்துச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. "சாப்பிட்டீங்களா" என்று கேட்க அங்கே ஆளில்லை. கட்டைவிரல் அளவில் ஒரு மீன், தன் பாறைக்கு முன்னால் காவல் நின்றது. விரலை நீட்டியதும் சீறிக்கொண்டு வந்து முட்டியது. ஷோகேஸ் மேல் முழங்கையை ஊன்றுகிறவர்களிடம் "கையை எடுங்க, கண்ணாடி" என்று மனைவி பாய்வது இப்படித்தான். அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது சிரிப்பாக இல்லை.

அவர்களைக் கூட்டி வந்து மாஸ்க்கும் வாடகைக்குக் கொடுத்திருந்த படகுக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு சார். உள்ள போய் முகத்தை அசைச்சீங்களா? சிரிச்சாலும் சரி, அழுதாலும் சரி, கன்னம் மடியும். அந்தச் சந்துல தண்ணி பூந்துடும்."

"எங்க அத்தானாவது சிரிக்கிறதாவது" என்றான் மச்சினன். "கல்யாண ஆல்பத்துலயே பாஸ்போர்ட் போட்டோ மாதிரிதான் இருப்பாரு."

படகுக்காரர் மாஸ்க்கை அவருக்கு மறுபடி மாட்டி, வாரை இழுத்து இறுக்கினார். பின்மண்டையும் நெற்றியும் நடுவில் சந்தித்துக்கொள்ளும் போலிருந்தது.

"இங்க ஒண்ணுமே இல்ல. அடுத்த பீச்சுக்குப் போயிடலாம்" என்றாள் மகள். காலையிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

அடுத்த கடற்கரையிலும் அவர் அழுதார். ஒரு தடவை திறந்த குழாய், மூட வரவில்லை. வெளியே வந்தபோது கண்ணும் சிவப்பு, வார் இறுகியதில் முகத்தைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளமும் சிவப்பு.

"இப்பவும் கசியுதாப்பா?"

"முன்னைவிட மோசம்."

படகுக்காரர் பெரிய மாஸ்க் ஒன்றைத் தேடி எடுத்தார். அது நெற்றியிலிருந்து மேலுதடு வரை மூடியது.

"அத்தான், வெல்டிங் பட்டறையில கூப்பிட்டா போயிடாதீங்க" என்றான் மச்சினன். சொல்லிவிட்டு, சன்ஸ்க்ரீன் கண்ணில் பட்டுவிட்டது என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படகில் குப்புறப் படுத்தான்.

பெரிய மாஸ்க்கில் அழ இன்னும் வசதியாக இருந்தது.

மூன்றாவது கடற்கரையில் மருமகன் போனை நோண்டிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். "மாமா, பிரச்சினை மாஸ்க்கில்ல. உங்க மீசை. மீசை இருந்தா ரப்பர் ஒட்டாதாம்."

"அப்படித்தான் இருக்கும்" என்று அவர் அவசரமாக ஒப்புக்கொண்டார். அதுதான் தப்பாகப் போயிற்று.

முதலில் மீசைக்கு வாஸ்லின் பூசினார்கள். அரை மணி நேரத்தில் கடற்கரை மணல் பாதி அதில் ஒட்டிக்கொண்டது. கசிவு நிற்கவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் அவர் மூக்குக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துடுங்க அத்தான். எங்களைப் பாருங்க, மழமழன்னு இருக்கோம். எங்களுக்குக் கசியுதா?"

"வேண்டாம் விடுங்க மாமா, கஷ்டமா இருந்தா..."

"கஷ்டம்னு இல்லப்பா" என்று மகள் அவர் முகத்தையே கூர்ந்து பார்த்தாள். "வேற ஏதாவது காரணமா?"

அந்தக் கேள்விக்கு மீசையைவிட மலிவான பதில் அவரிடம் இல்லை. கரையோரக் கடையில் மருமகன் ரேசர் வாங்கி வந்தான். படகின் விளிம்பில் சாய்ந்து, வேலை தேடிப் போன காலத்திலிருந்து வைத்திருந்த மீசையை வழித்தார். அவரை அது இல்லாமல் மனைவி பார்த்ததே கிடையாது.

நிமிர்ந்தபோது மச்சினன் வாயைத் திறந்தான். ஜோக்குக்குப் பதிலாகத் துண்டைத் தேடினான். மகள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சட்டென்று மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, வாய்க்குழாயைக்கூடச் சரியாகக் கவ்வாமல் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

கடைசிக் கடற்கரை. இனி சாக்கு இல்லை. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். லென்ஸ் பவர்களை வரிசையாக மனசுக்குள் சொல்லிக்கொண்டு மிதந்தார். கொஞ்ச தூரம் தாங்கியது. பிறகு வழித்த மேலுதட்டில் தண்ணீர் சில்லென்று பட்டது. 'நல்லாவே இல்ல' என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மனைவி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கரையேறியபோது மற்ற மூவரும் ஆளுக்கொரு திசையில் மிதந்துகொண்டிருந்தார்கள். நேராகப் படகுக்காரரிடம் போனார். அவர் வாளியில் நல்ல தண்ணீர் வைத்து மாஸ்க்குகளை அலசிக்கொண்டிருந்தார்.

"ஒரு உதவி பண்ணணும்" என்று குரலைத் தாழ்த்தினார். "நான் போட்டது எல்லாமே ஓட்டைன்னு என் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா இனிமே நம்ப மாட்டா. என் கடையே போயிடும்."

படகுக்காரர் அவருடைய கண்ணைப் பார்த்தார். மீசை இருந்த இடத்தைப் பார்த்தார். கையிலிருந்த மாஸ்க்கை உதறி வெயிலில் வைத்தார்.

"நான் சொல்லிடுவேன் சார், ஆனா காலையிலேருந்து உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் அந்த ஜோக் அண்ணனும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வந்து, 'கசியுது, அவருக்குச் சொல்லிடாதீங்க'ன்னு மாஸ்க்கை மாத்திக்கிட்டே இருக்காங்களே, அவங்களுக்கு எதை மழிக்கிறது?"