அரைச் சுற்று திருப்பியதற்கு அப்பாவின் விளக்கம்

வேப்பனப்பள்ளி,
வியாழக்கிழமை.

செல்வமகள் சௌமியாவுக்கு, அப்பன் நாராயணப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு கறவை மாடும் சுகம். ஓசூரில் நீயும் உன் கூட்டாளிப் பிள்ளைகளும் அந்தச் செப்புக் குழாயும் சுகமாக இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். போனிலேயே கேட்டிருப்பேன், பதினேழு நாளாக நீ எடுக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அவளுக்கும் என் மேல் கோபம்தான். உன் அம்மா தெலுங்கில் பேசினால் சமாதானம், தமிழில் பேசினால் சண்டை என்பது உனக்குத் தெரியும். பதினேழு நாளாக நம் வீட்டில் தமிழைத் தவிர வேறு பாஷை இல்லை.

நடந்ததை நான் என் வாயால் சொல்ல நீ விடவே இல்லை, அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் நாலு பேரும் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு, அம்மா கிண்டிய களியும் கீரையும் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி உங்கள் காலேஜ் லேபுக்கு வந்தேன். உங்கள் தலைவன் ஹரீஷ்குமார் நல்ல பிள்ளை, அந்த அவசரத்திலும் எனக்கு நாற்காலி போட்டு, ஹீட் பைப் என்றால் என்ன என்று பொறுமையாகச் சொன்னான். முழ நீளச் செப்புக் குழாய், உள்ளே வலை, ஒரு கரண்டித் தண்ணீர், ஒரு முனையில் சூடு வைத்தால் தண்ணீர் ஆவியாகி மறு முனைக்கு ஓடிச் சூட்டை இறக்கிவிட்டு, வலை வழியாகத் திரும்பி வரும், மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம் என்றான். முதல் குழாய் பற்றவைத்த இடத்தில் ஒழுகியது, இரண்டாவதில் தண்ணீர் கூடிப்போனது, மூன்றாவது ஏன் கெட்டது என்று யாருக்கும் தெரியவில்லை, இது நாலாவது, பெங்களூர் போட்டிக்கு இதுதான் போகப்போகிறது என்றான். கடைசியில் ஒன்று சொன்னான் பார், அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. உள்ளே துளி காற்று இருந்தாலும் வேலை செய்யாது அங்கிள் என்றான். நீங்கள் கை கழுவப் போனீர்கள். நான் காவல்.

கண்ணு, இருபத்தெட்டு வருஷமாகத் தோப்புக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜின் ஓட்டுகிறவன் நான். டீசல் பைப்பில் காற்று அடைத்தால் என்ன செய்வோம்? ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்துவோம், காற்று நுரைத்துக்கொண்டு வெளியே போகும், இறுக்கிவிடுவோம். வேப்பனப்பள்ளியில் பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த வேலை. உங்கள் குழாயின் முனையிலும் அதே மாதிரி குட்டியாக ஒரு வால்வு இருந்தது. பிள்ளைகள் படித்தவர்கள், இதை மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அரைச் சுற்றுதான் திருப்பினேன். சுர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. பழையபடி இறுக்கினேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? நீங்கள் வந்ததும், மிச்சம் இருந்த காற்றையும் எடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஹரீஷ்குமார் தரையில் உட்கார்ந்துவிட்டான். சூடு வைத்துப் பார்த்தீர்கள். ஒரு முனை கொதித்தது, மறு முனை ஜில்லென்று கிடந்தது. குழாயிலிருந்து காற்று இழுக்கிற மெஷினை ஏதோ கம்பெனியில் இரவல் கொடுத்திருந்தார்கள், அன்று காலைதான் திருப்பிக் கொண்டுபோயிருந்தார்கள். நீ அழவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. “அப்பா, நீங்க ஊருக்குப் போங்க” என்றாய். களிப் பாத்திரத்தைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு வந்தேன்.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவர் பெயர் அழகர்சாமி. மதுரைப் பக்கத்துக்காரர், கிருஷ்ணகிரியில் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறவர். நம் ஊர் மாங்கூழ் ஃபேக்டரியில் ஏசி பார்க்க வந்தவரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. “காத்து வெளிய போகலண்ணே, வெளிய இருந்த காத்துதான் உள்ள போயிருச்சு” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் மூன்று வாரம் பாடுபட்டு வெளியே அனுப்பியதை நான் கதவைத் திறந்து உள்ளே விட்டிருக்கிறேன். ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் காற்று இழுக்கிற மெஷின் அவரிடமும் இருக்கிறதாம். அதைத்தான் உங்களுக்காகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். உங்களுக்கு அது போதுமா என்று ஹரீஷ்குமாரைப் பார்க்கச் சொல். போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

மற்றபடி எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. உன் ஞாபகமெல்லாம் எனக்கு அப்படி ஒன்றும் வருவதில்லை. தோப்பில் செந்தூரா மாம்பழம் முடிந்துவிட்டது, நீ இல்லாமலே சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது. சாயங்கால பஸ் வருகிற நேரத்தில் நான் ரோட்டுக்குப் போவது பேப்பர் வாங்க. நமக்குப் பேப்பர் காலையில் வருகிறது என்று அம்மா தமிழில் சொல்கிறாள், அவள் பேச்சைக் கேட்காதே. போட்டி முடிகிற வரை நீ ஊருக்கு வர வேண்டாம். அதற்கப்புறமும் வேலை இருந்தால் வர வேண்டாம். நானும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன், இது சத்தியம்.

அம்மாவின் ஆசி. உன் கூட்டாளிகள் மூவருக்கும் என் அன்பு, ஹரீஷ்குமாரிடம் மட்டும் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். நல்லபடியாக ஜெயித்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நூறு வருஷம் இரு.

இப்படிக்கு,
உன் அப்பன்
நாராயணப்பன்

பின்குறிப்பு: சத்தியம் செய்ததை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அழகர்சாமியோடு நானும் பஸ் ஏறி வந்துவிட்டேன். உங்கள் காலேஜ் கேட்டுக்கு எதிர் டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரமும் இரண்டு நாள் வந்தேன். செவ்வாய்க்கிழமை நீ உன் கூட்டாளி பிரியாவோடு ஜெராக்ஸ் கடைக்கு வந்தாய். சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன், அப்படியே லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ரொம்ப இளைத்துவிட்டாய். உன்னைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை கண்ணு. உள்ளே வர மாட்டேன். நீ கேட் வரைக்கும் ஐந்து நிமிஷம் வந்துவிட்டுப் போ. நான் எதையும் தொட மாட்டேன்.