மேடம் தேடிய ஹார்மோனும் நான் கொடுத்த குச்சியும்

எந்த வேலையில் சேர்ந்தாலும் ஒரே வாரத்தில் அதை முதலாளியைவிட நன்றாகத் தெரிந்துகொண்டதாக நினைப்பவன் நான். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். போர்வெல் வண்டி, திருப்பூர் பனியன் கம்பெனி, கேரளா ரப்பர் தோட்டம் என்று சுற்றி, பல ஊர் பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்து, கடைசியில் ஜீப் ஓட்டப் போய்ச் சேர்ந்த இடம் ஓர் ஆராய்ச்சி.

மேடம் திருக்கோவிலூர்க்காரர். பிரஷரை ஏற்றி இறக்கும் ஹார்மோன்களைப் பற்றியே தலை நரைக்கும்வரை படித்தவர். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது விடும் ஹார்மோன் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்குமாம். அது கூடினால் பிரஷர் கூடும். (இதைச் சங்கராபுரம் டீக்கடையில் நான் விளக்கியபோது இரண்டு பேர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.)

கல்வராயன் மலையில் ஓர் ஊரில் மாதம் ஒரு முகாம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். டீ, வெற்றிலை, புகையிலை எதுவும் கூடாது.

"வாய்ல ஒண்ணுமே இல்லாம இன்னாத்த குந்திகினு இருக்கறது?" என்று எழுந்தார் சின்னப்பொண்ணு அக்கா. அவர் எழுந்தால் ஊரே எழுந்துவிடும்.

எனக்கு மூளை வேலை செய்தது. அடுத்த முகாமுக்கு நாட்டு மருந்துக் கடையிலிருந்து அதிமதுரக் குச்சி வாங்கிப் போனேன். டீயும் இல்லை, வெற்றிலையும் இல்லை, விதியை மீறவில்லை. இனிப்பு வேறு, மலைக் குளிரில் தொண்டைக்கும் இதம். ஊருக்கே பிடித்துப்போய்த் தினமும் மென்றார்கள். கட்டுக் கட்டாக ஏற்றிப்போனேன். நானும் மென்றேன். கூட்டம் கலையவே இல்லை. உள்ளே ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த மேடம் காரணம் கேட்காமலே பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

சில மாதங்களில் மேடத்துக்குத் தூக்கம் போனது.

"ஊருக்கே பிரஷர் ஏறுது. ஆனா அந்த ஹார்மோன் கம்மியாகுது. அப்ப வேற ஏதோ ஒண்ணு அதே வேலையப் பாக்குது. யாரும் இதுவரைக்கும் பாக்காத ஹார்மோன்."

இதற்காகத்தான் அவர் ஆயுள் முழுக்கக் காத்திருந்தார். சென்னையில் பெரிய விஞ்ஞானிகள் முன்னால் பேச ஏற்பாடாகிவிட்டது. அதற்குமுன், ஒப்பிட்டுப் பார்க்க, மலையைச் சேராத ஒருவரையும் சோதிக்க விரும்பினார்.

"என்னப் பாருங்க மேடம். கலப்பில்லாத சங்கராபுரம் ரத்தம்" என்று கையை நீட்டினேன்.

பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். கையை மாற்றி அடித்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

"உங்கம்மா எந்த ஊருப்பா?"

"சங்கராபுரம் பக்கந்தான் மேடம்."

"உங்க வூட்ல யாராவது மலைல பொண்ணு எடுத்தாங்களா?"

"கீழயே எங்களுக்கு யாரும் குடுக்கல மேடம்."

"அப்புறம் உனக்கு எப்படிப்பா இதே மாதிரி?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உலகம் காணாத ஹார்மோன் என் உடம்பிலும். கன்னத்தில் ஒதுக்கியிருந்த குச்சியை மறுபக்கம் தள்ளினேன்.

"வாயில இன்னா?"

"அதிமதுரம் மேடம். ஊருக்கே நாந்தான் சப்ளை."

மேடம் மெதுவாக உட்கார்ந்தார். அதிமதுரத்தை விடாமல் மென்றால் அதுவே அந்த ஹார்மோன் வேலையைச் செய்து பிரஷரை ஏற்றுமாம். அவரே மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாராம்.

"நான் தேடின ஹார்மோன நீ என் ஜீப்லயே ஏத்திகினு வந்திருக்க" என்றார். "டீசலும் என்னுது."

சென்னைப் பேச்சை அவரே ரத்து செய்தார். நான் வீடு வீடாகப் போய்க் குச்சிகளைத் திரும்ப வாங்கினேன்.

"குடுத்தத திருப்பிக் கேக்கறியே, இன்னா ஆளுடா நீ" என்று சின்னப்பொண்ணு அக்கா என் மேலேயே வீசினார்.

வாரங்கள் போக, எல்லோருக்கும் பிரஷர் இறங்கியது. இறங்கிய கதையை மேடம் கட்டுரையாக எழுதினார். சின்னக் கட்டுரைதான், ஆனால் உண்மை. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "உன்ன வெளிய வுட்டா இன்னொருத்தர் ஆராய்ச்சிக்குப் போயிடுவ" என்றார்.

என் கல்யாணத்தில் இதை மணமேடையிலேயே புதுப்பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொல்ல ஆரம்பித்தால் மனைவி மறுத்துப் பேசுவதில்லை. வளையலை மேலே தள்ளிவிட்டு, இடது கையை என் முன்னால் நீட்டுகிறாள்.

"பிரஷர் ஏறிகினு இருக்குதா பாரு."