பன்னத்தாரின் ஈரச் சுவர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம். அச்சுவேலியில் வெறும் காணி ஒன்றில் சீமெந்தும் மணலும் குழைத்து அச்சில் போட்டுக் கல் அரியும் களம் தொடங்கினேன். சண்டையில் இடம்பெயர்ந்தபோது அது போனது. திரும்பி வந்து தொடங்கினேன். மறுபடியும் போனது. மறுபடியும் தொடங்கினேன். இன்றைக்கு இந்தப் பக்கத்து மதில்களில் பாதி என் கல். கோயில் வாகன மண்டபத்துச் சுவர் என் கல். எனக்கு மேல்மாடி வைத்த வீடு. குளியலறைக்குள் மாபிள், சுடுதண்ணீர்க் குழாய். எல்லாம் எவருடைய கையையும் பிடிக்காமல் கட்டியவை. இவ்வளவையும் கட்டியவனை அச்சுவேலிச் சந்தைக்கு நடுவில், சனம் பார்க்க, ஒரு கூடைச் செடிக்குக் குடை பிடிக்க வைத்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர்தான் பன்னத்தார்.

செடிகளோடு அவரைப் போலச் சண்டை பிடித்த ஆள் வலிகாமத்தில் பிறக்கவில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. புத்தூரில் வீடு. சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது. பன்னம் என்றால் உங்களுக்குத் தெரியும்: கிணற்றுக் கட்டின் வெடிப்புக்குள்ளிருந்து பச்சைச் சீப்புப் போலத் தலையை நீட்டிக்கொண்டு நிற்குமே, பூவும் காயும் இல்லாமல், கிணறு இறைக்கிற அன்று சுரண்டி எறிவோமே, அதுதான். நாங்கள் எறிந்ததை அவர் பொறுக்கினார். அப்படி வந்தது பெயர்.

பைத்தியம் பிடித்துப் பொறுக்கவில்லை. அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவைக் கொழும்பில் பெரிய வைத்தியர்களிடம் காட்டினார்கள். அவர்கள் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சந்தோசமாக வைத்திருங்கள் என்றார்கள். அதற்கு என்ன பொருள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வரும் வழியில் அக்கா ஒரு பூக்கடையில் ஊதாப் பூவோடு நின்ற ஓர்கிட் சாடியொன்றைக் கேட்டு வாங்கினார். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணம் வரும்போது ஒரு பூக்கூட மிச்சமில்லை.

"காரியமில்லை. இன்னொருக்காப் பூக்கும். அதைப் பாத்திட்டுத்தான் போவன்" என்றார் அக்கா.

அந்த ஒரு சொல்லைப் பன்னத்தார் பிடித்துக்கொண்டார். ஓர்கிட் சாடிக்குள் ஓரமாக ஒரு குட்டிப் பன்னமும் வந்திருந்தது. எங்கள் வறண்ட சோழகக் காற்றில் அது கருகிச் செத்தது. அடுத்த கிழமையே ஓர்கிட்டின் இலையும் சுருங்கியது.

"தம்பி, உதுக்குக் கூட்டாளி செத்துப்போச்சு. அந்தக் கவலைதான். கூட்டாளி போனா ஆருக்கும் வாடும்" என்றார் என்னிடம்.

கூட்டாளி தேடத் தொடங்கினார். ஆட்கள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கிற வீடுகளின் கிணறுகளில்தான் பன்னம் செழித்து நின்றது. ஒரு நாள் அப்படியொரு கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மனுசி எட்டிப் பார்த்தாள்.

"ஆரது கிணத்துக்கை?"

"நான்தான் பிள்ளை. பன்னம் எடுக்கிறன்."

கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரலுக்கு எதிரொலி அதிகம். அவள் காதில் விழுந்தது வேறு.

"என்ன, பணமோ?"

"ஓம் ஓம், பன்னந்தான். உள்ளுக்கை நிறையக் கிடக்கு. கத்தாதை, சனம் வந்து அள்ளிப்போடும்."

அன்று பின்னேரமே செய்தி புத்தூரைத் தாண்டிவிட்டது. ஓடும்போது நகைநட்டைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டுப் போனவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள்தானே, ஆகையால் எல்லாரும் நம்பினார்கள். அடுத்த நாள் கண்ணில் பட்ட கிணறெல்லாம் ஆட்கள் இறங்கி மோட்டர் போட்டு இறைத்தார்கள். ஒருவருக்கும் பணமும் கிடைக்கவில்லை, நகையும் கிடைக்கவில்லை. துருப்பிடித்த வாளியும், யாரோ குழந்தை பால் குடித்த சின்னச் செம்பும் வந்தன. பன்னத்தாரோ குடையும் ஓலைக் கடகமுமாகக் கிணறு கிணறாக நடந்து, "தம்பியவை, அந்தச் செடியளை எறியாதேங்கோ, இஞ்சாலை தாங்கோ" என்று சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் கயிற்றில் தொங்கவே இல்லை.

அந்தக் கடகங்களை ஏற்றத்தான் என் லான்ட்மாஸ்டர் வண்டியைக் கேட்டார். ஏற்றினேன். சந்தையடியில் நெரிசலில் நின்றபோது குடையை என் கையில் திணித்தார்.

"அண்ணை, எனக்கும் வெயில் சுடுது."

"உமக்குத் தொப்பி இருக்கு. உதுகளுக்கு ஆர் இருக்கினம்? பேசாமல் பிடியும்."

பிடித்தேன். மீன் விற்கிற பெண்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் கொண்டுவந்த பன்னமெல்லாம் வெயிலில் தலை தொங்கியது. இங்கேதான் நான் வருகிறேன். என் களத்தில் அப்போது ஒரே கலவையில் அரிந்த கல் அடுக்கிக் கிடந்தது. வாங்கினவர்கள், "கல்லுத் தண்ணி குடிக்குது" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மணல் சரியில்லை, நான் என்ன செய்ய? பன்னத்தார் ஒரு கல்லின் மேல் செம்புத் தண்ணீரை ஊற்றினார். மத்தியானம் தாண்டி வந்து தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, உது குடிக்கேல்லை. வைச்சிருக்குது."

நாற்பது வருசத்துக்கு மேலாகக் கல் அரிகிறேன். என் கல்லைப் பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தைகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. நானே மேசன் கரண்டி பிடித்து அக்காவின் யன்னலுக்கு நேரே, கிணற்றடி ஓரமாக, இடைவெளி விட்டு விட்டு ஒரு சுவர் எழுப்பினேன். இடைவெளிகளில் பன்னம், நடுவில் ஓர்கிட். சுவர் எந்நேரமும் நனைந்திருக்க வேண்டும் என்று அவர் ஒரு சட்டம் போட்டார். வீட்டுக்கு வருகிற எவரும் அதன் முன்னால் நின்றுதான் குளிக்க வேண்டும். தெறிக்கிற தண்ணீர் வீண்போகக் கூடாது. கலியாணம் சொல்ல வந்த ஒருவரை, "நீர் விடியக் குளிச்சிருப்பீர். பரவாயில்லை, இன்னொருக்காக் குளியும்" என்று துவாயோடு பிடித்துத் தள்ளியதை நான் கண்ணால் கண்டேன்.

அக்கா கட்டிலில் படுத்தபடி சுவரைப் பார்ப்பார். புத்தூரிலேயே பிறந்தவர், ஒவ்வொரு வீடும் தெரியும்.

"இஞ்சருங்கோ, அந்த மூலையிலை நிக்கிறது ஆரின்ரை கிணறு?"

"வாத்தியார் வீடு."

"அவையின்ரை தண்ணி உப்பெல்லோ. அதுதான் மூஞ்சையைச் சுளிச்சுக்கொண்டு நிக்குது."

வீடு வீடாக அப்படிப் போய் வருவார். போனவர்கள், செத்தவர்கள், லண்டனில் இருப்பவர்கள் எல்லாரையும் அந்தச் சுவரில் கண்டார். ஓர்கிட்தான் இலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. பன்னத்தார் அதற்கு முன்னால் நின்று ஏசுவார். "கண்டறியாத பவுசு! உனக்கெண்டு ஊர்க் கிணறெல்லாம் இறைச்சு ஆள் பிடிச்சு விட்டிருக்கிறன். ஒரு மொட்டு விட ஏலாதோ?"

"அதைப் பேசாதேங்கோ" என்பார் அக்கா. "அது பூக்காட்டி என்ன? ஊர் முழுக்க என்ரை யன்னலுக்கு வந்து நிக்குதெல்லோ."

வர வரக் குரல் அடங்கியது. கடைசியில் ஒரு பன்னத்தை நோக்கிக் கையை மட்டும் நீட்டுவார். பன்னத்தார் அந்த வீட்டின் பெயரைச் சொல்லுவார்.

சோழகம் முடியுமுன் அக்கா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாள் கழித்து நான் போனபோது, பன்னத்தார் கதிரை போட்டு ஓர்கிட்டுக்கு முன்னால் இருந்தார். ஊதாப் பூ, ஒரு கொப்பு நிறைய.

"இப்ப ஆரைப் பாக்க வந்தனீ?" என்று அதைக் கேட்டார். "செத்த வீட்டுக்குப் பிந்தி வாற சொந்தக்காரர் மாதிரி, உடுத்திப் படுத்திக்கொண்டு."

வழக்கம்போல நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, கூட்டாளி போனா வாடும் எண்டெல்லோ நினைச்சன். உது பூக்குது, பாரும்."

அடுத்த மாரிக்கு அவர் இருக்கவில்லை.

அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து வந்து காரியங்களைச் செய்தார். சுவரைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். அப்பாவின் கைராசி என்று உலகம் முழுவதிலுமிருந்து எழுதினார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

கைராசிதான், நான் மறுக்கவில்லை. பன்னம் அவர் தேடியது, ஓர்கிட் அக்கா மடியில் சுமந்து வந்தது. ஆனால் அந்தச் சுவர் என் கல், என் கரண்டி வேலை. அதை எவரும் எழுதவில்லை. இன்னொன்றையும் எவரும் எழுதவில்லை. மாபிள் பதித்த குளியலறையை வீட்டில் வைத்துக்கொண்டு, இந்த வயதில், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஒவ்வொரு நாளும் புத்தூருக்குப் போய் அந்தக் கிணற்றடியில்தான் குளிக்கிறேன். ஆகவே இனிமேல் அந்தப் படத்தைப் போடுகிறவர்கள் தயவுசெய்து கீழே என் பெயரையும் போட வேண்டும். சுவருக்குப் போடாவிட்டாலும் பரவாயில்லை. அதன் ஈரத்துக்காவது போடுங்கள்.