சம்பந்தமே இல்லாத எட்டெழுத்து

பூட்டு சார் இரண்டாவது முறையும் தப்பாக அடித்தார். திரை கோபித்துக்கொள்ளவில்லை. பாஸ்வேர்ட் சரியில்லை என்று முதல் முறை சொன்ன அதே பணிவோடு சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்பதுபோல் மினுக்கிக்கொண்டு நின்றது.

அந்த நிறுவனத்தின் சரக்கு, சம்பளம், கணக்கு வழக்கு எல்லாம் பக்கத்து அறையில் குளுகுளுவென்று வைத்திருந்த மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அதற்குள் யார் போகலாம், போனவர் எதைத் தொடலாம் என்று வரம்பு கட்டி வைப்பது இவர் வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இவருக்கு உண்டு. ஆனால் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் இவர் பூட்டு சார்தான். அது அவருக்கும் தெரியும். தெரிந்து, உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சட்டங்கள் எல்லாம் அவர் போட்டவை. பாஸ்வேர்ட் எட்டு எழுத்து இருக்க வேண்டும், ஆறு இங்கிலீஷ் எழுத்தும் இரண்டு எண்ணும். தன் பெயர், பெண்டாட்டி பிள்ளை பெயர், பிறந்தநாள் எதுவும் கூடாது. தனக்குச் சம்பந்தமே இல்லாத சொல்லாக இருக்க வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. தாலி கட்டியவளிடம்கூடச் சொல்லக் கூடாது. மூன்று முறை தப்பாக அடித்தால் கதவு மூடிக்கொள்ளும்.

மறந்து போனவர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. அவர்கள் இவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "நான் பாஸ்வேர்டை மறந்துவிட்டேன்" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். வெட்கப்பட்டால்தான் ஞாபகசக்தி வளரும் என்பது இவர் கட்சி. போன மாதம் கணக்குப் பிரிவு அக்கா வந்து மெதுவாகச் சொன்னபோது, "கடைசி வரிசைக்குக் கேக்கலியே" என்று திரும்பச் சொல்ல வைத்தார். அக்கா சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனாள்.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் இன்று காலை பாஸ்வேர்ட் மறந்துவிட்டது.

ஒரு வாரப் பயிற்சி வகுப்புக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், பொறுப்பாகப் புதிய பாஸ்வேர்ட் போட்டார். சட்டப்படி சம்பந்தமே இல்லாத சொல், சம்பந்தமே இல்லாத எண். வாரம் முழுக்கப் பகலில் வகுப்பு, இரவில் வீடு. மறந்துவிடக் கூடாதே என்று தினமும் படுக்கும்போது மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். இன்று வந்து உட்கார்ந்தால் மூளை கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கிறது.

மற்ற நாளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நாளைக் காலை பெரிய டைரக்டர் வருகிறார். அவர் முன்னால் பூட்டு சார் மெஷினுக்குள் நுழைந்து, தன் காவல் ஏற்பாட்டை விளக்கிக் காட்ட வேண்டும். துறைத் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. "நாளைக்கு மட்டும் நல்லபடியா போகட்டும், நாற்காலி உங்களுக்குத்தான்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பூட்டு சார் அறையைச் சுற்றிப் பார்த்தார். மேஜை, விசிறி, ஜன்னல். ஜன்னல் என்றதும் மனசுக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. 'ஜன்னல்' என்று அடித்து, பின்னால் இரண்டு எண்ணையும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

சாதாரண ஆளாக இருந்தால் மூன்றாவது தவறோடு மெஷினே கதவைச் சாத்தியிருக்கும். இவர் சர்வ அதிகாரமும் உள்ளவர். அதனால் அது மரியாதையாகக் கன்சோலைக் கேட்டது. கன்சோல் என்பது மெஷின் தன் குறைகளைச் சொல்லிக்கொள்ளும் திரை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அதன் முன்னால் ஆபரேட்டர் பெண் உட்கார்ந்திருந்தாள். இவர் திரும்பத் திரும்பத் தப்பாக அடிக்கிறார், இன்னொரு வாய்ப்புத் தரலாமா என்று மெஷின் அவளைக் கேட்டது.

அவள் அடுத்த நொடியே பதில் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சார்! யாரோ உங்க ஐடியில உள்ள நுழையப் பாத்தாங்க!"

"அப்படியா?" என்றார் பூட்டு சார்.

"நான் விடுவேனா? கூடாதுன்னு பதில் போட்டு உங்க ஐடியப் பூட்டிட்டேன். யாரு எவருன்னு பாக்காம பூட்டணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க!"

"ரொம்ப... நல்லது."

"நீங்களேதான் அடிக்கறீங்களோன்னு ஒரு செகண்டு நெனச்சேன் சார். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. நீங்க போய் மறப்பீங்களா!"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பூட்டு சார் வாயைத் திறந்தார். திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டார்.

"ஆனா சார், உங்க ரூம் டெர்மினல்லேர்ந்துதான் வந்திருக்கு."

"நான் கை கழுவப் போயிருந்தேன்" என்றார் அவர்.

அரை மணி நேரத்தில் ஆபீஸ் முழுக்கத் திருடன் பேச்சாகிவிட்டது. பூட்டு சாருக்கு மறுபடி கதவைத் திறந்துவிடும் அதிகாரம் அவருடைய உதவியாளன் ஒருவனுக்குத்தான் இருந்தது. அவனிடம் போய்த் தோளில் கை போட்டார்.

"தம்பி, என் ஐடியத் திறந்து விட்டுரு. அப்படியே பாஸ்வேர்டையும் புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்துடேன்."

"பாஸ்வேர்டு எதுக்கு சார்?"

"திருடனுக்குத் தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சா ஏன் சார் மூணு தடவ தப்பா அடிக்கறான்? அவனுக்குச் சுத்தமா தெரியல. நீங்க கவலையே படாதீங்க."

பூட்டு சார் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை.

"இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு..."

"அப்படி மாத்தணும்னா நீங்களே பழைய பாஸ்வேர்டப் போட்டு உள்ள போய் மாத்திக்கலாமே சார். மறந்தவங்களுக்குத்தான் நாங்க போட்டுக் குடுப்போம். அதுக்கும் அவங்க நின்னு சத்தமா சொல்லணும்." அவன் சிரித்தான். "உங்க சட்டம்தான் சார்."

பூட்டைத் திறந்துவிட்டான். சாவியைத்தான் கொடுக்கவில்லை.

அறைக்குத் திரும்பி வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டில் ஒரு வாரமாக அமைதி நிலவியது. மனைவி பேசுவதில்லை. காப்பியை மேஜையில் ணங்கென்று வைப்பதோடு சரி. தலையணையையும் தூக்கிக்கொண்டு மகள் அறைக்குப் போய்விட்டாள். குறட்டை அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார். தானாக வந்த நிம்மதியைத் தோண்டித் துருவிக் காரணம் கேட்பவர் இல்லை அவர். ஆனால் இன்று வேறு வழியில்லை.

"ஏம்மா, போன வாரம் நான் ஏதாவது புதுசா..."

"ஓ! போன் போட்டுக் கேக்கற அளவுக்கு வந்தாச்சா?"

"இல்ல, எனக்கு ஒரு விஷயம் ஞாபகம்..."

"சாயங்காலம் எங்க அண்ணன வரச் சொல்லிருக்கேன். எதுவா இருந்தாலும் அவர்கிட்டயே பேசிக்குங்க."

போன் வைக்கப்பட்டது. இந்த அறையில் உட்கார்ந்தால் பயத்தில் விரல் தடுமாறுகிறது, வேறு இடத்தில் உட்கார்ந்தால் கை தானாக அடித்துவிடும் என்று பூட்டு சாருக்குத் தோன்றியது. எழுந்து கணக்குப் பிரிவுக்குப் போனார்.

"அக்கா, உங்க டெர்மினல்ல ஒரு சின்ன சோதன பண்ணணும்."

அக்கா ஒன்றும் கேட்காமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். பூட்டு சார் உட்கார்ந்து, தன் ஐடியைப் போட்டு, கண்ணை மூடி, விரல்களை அவற்றின் போக்கில் விட்டார். அவற்றுக்குப் போக்கே இல்லை. ஒரு தடவை கரடி என்று அடித்தன. ஒரு தடவை எருமை என்று அடித்தன. மூன்றாவது தடவை என்ன அடித்தன என்று அவருக்கே தெரியாது. கண்ணாடித் தடுப்புப் பக்கமிருந்து "சார்!" என்று அலறல் கேட்டதும் எழுந்து, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய் நின்று அதன் மூடியைத் திறந்து ஆராய ஆரம்பித்தார்.

அவர் தலையை நிமிர்த்தியபோது மேனேஜர் வந்துவிட்டிருந்தார். அக்காவின் மேஜையைச் சுற்றிக் கூட்டம்.

"திருடன் ரெண்டாவது தடவ வந்தது இந்த டெர்மினல்லேர்ந்துதான்" என்றாள் ஆபரேட்டர் பெண்.

"எத்தன வருஷமா இங்க இருக்கீங்க? உங்ககிட்டேர்ந்து இத எதிர்பாக்கல" என்றார் மேனேஜர்.

அக்கா கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றாள். ஒரே ஒரு முறை ஜெராக்ஸ் மெஷின் பக்கம் பார்த்தாள். காட்டிக் கொடுக்கவில்லை. பூட்டு சாருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று அவளைத் திரும்பச் சொல்ல வைத்தது ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"அது நான்தான் சார்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை முகங்களையும் சேர்த்துப் பார்த்ததும், வாய்வரை வந்துவிட்ட உண்மை பாதி வழியில் திரும்பிப் போனது.

"காலைல வந்ததும் நான்தான். வேணும்னேதான் செஞ்சேன். பூட்டு சரியா பிடிக்குதான்னு வெளியிலேர்ந்து தட்டிப் பாத்தேன்."

மேனேஜர் இரண்டு கையையும் தட்டினார்.

"அட! சொந்த வீட்டுக்கே கன்னம் வெச்சுப் பாத்திருக்கீங்க! பிரமாதம். நாளைக்கு டைரக்டர் முன்னாடியும் இதையே செய்யுங்க. மொதல்ல தப்பா அடிங்க, மெஷின் வெளிய தள்ளட்டும். அப்புறம் சரியான பாஸ்வேர்டப் போட்டு டக்குனு உள்ள போங்க. அவர் அசந்துருவார்."

"சரி சார்" என்றார் பூட்டு சார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

"தம்பி, சார் ஐடியத் திறந்து வையி. நாளைக் காலைவரைக்கும் யாரும் அதத் தொடக் கூடாது. பாஸ்வேர்டுலயும் கை வைக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

கூட்டம் கலைந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"சார், கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரி ஒரு தடவ சொல்லிட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். எனக்கு அப்படித்தான் முடிஞ்சுது."

"எதச் சொல்ல?"

"ஒண்ணுமில்ல சார், சும்மா சொன்னேன்."

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பூட்டு சார் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்தார். எந்தச் சொல்லும் என்னைத்தான் தேடினாயா என்று கேட்கவில்லை. நாளைக்கு இந்த நேரம் நாற்காலியும் போய், மானமும் போயிருக்கும். தன்மேல் அவருக்கே அழுகை வந்தது.

வீட்டு ஹாலில் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். மனைவியின் அண்ணன். சாதாரணமாக வந்தால் டிவி போட்டுக்கொண்டு கால் நீட்டுகிறவர், இன்று டிவியும் போடாமல் காலையும் நீட்டாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க மாப்ள. எனக்கு எல்லாம் தெரியும்."

பூட்டு சார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "ஆபீஸ்லேர்ந்து யாராவது சொன்னாங்களா?"

"ஓஹோ! ஆபீஸ்லயா?" மைத்துனர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "ஆபீஸ்லதானாம்மா!"

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் டமாரென்று விழுந்தது.

நாளெல்லாம் விழுங்கி விழுங்கி வைத்திருந்த உண்மை இதற்குமேல் தாங்காது என்று பூட்டு சாரின் தொண்டையில் ஏறியது. சொல்லிவிடுவது இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மச்சான், இனிமே மறைக்க எனக்குத் தெம்பு இல்ல. தப்பு முழுக்க என்னோடதுதான்."

"எவ்வளவு நாளா நடக்குது?"

"பயிற்சிக்குப் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆரம்பிச்சது."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"கணக்குப் பிரிவுல ஒரு அக்காவுக்கு மட்டும் தெரியும்னு நெனக்கறேன். நல்லவங்க. வெளிய சொல்ல மாட்டாங்க."

மைத்துனர் பெருமூச்சு விட்டார். "சரி, இப்ப என்ன நெலம?"

"இப்ப சுத்தமா மறந்துட்டேன் மச்சான். சத்தியமா. காலைலேர்ந்து யோசிச்சு யோசிச்சுத் தலையே வெடிக்குது. ஒரு எழுத்துகூட ஞாபகத்துல இல்ல."

அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. மைத்துனர் இளகிய மனசுக்காரர். எழுந்து வந்து இவர் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"விட்ரும்மா. மனுஷன் அழறாரு. அதான் சுத்தமா மறந்துட்டேன்னு சொல்றாரே."

கையில் கரண்டியோடு மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக அவரை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"மறந்துட்டாராமா? நம்பாத அண்ணா! ஒரு வாரமா கண்ண மூடித் தூங்கினாப் போதும், 'மேனகா நாப்பத்தேழு, மேனகா நாப்பத்தேழு'ன்னு அடுத்த ரூமுக்கே கேக்கற மாதிரி விடிய விடியப் பொலம்பறாரு. பேரச் சொன்னதுதான் சொன்னாரு, அவ வயசையுமா சேத்துச் சொல்லணும்?"