டெய்லர் அளவெடுத்தால்

கையைத் தூக்கு என்று டெய்லர் சைகை காட்டியதுமே டிரைவர் ஓரடி பின்வாங்கினான்.

டெய்லர் வழக்கம்போல் வாய் நிறைய குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் அவர் பேசிக் கேட்டவர்கள் அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் யாரும் இல்லை. நாடாவை எடுத்துத் தோளை அளந்தார், மார்பை அளந்தார், கை நீளத்தை அளந்தார்.

"எதுக்குண்ணே அளவு? என் டிரஸ்தான் கச்சிதமா இருக்கே?"

"ம்."

"புதுசா தெக்கப் போறீங்களா?"

"ம்."

"எனக்கேவா?"

"ம்ம்."

அவன் நிஜ டிரைவர் இல்லை. நிஜத்தில் அவனுக்கு சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். வாராவாரம் டிவியில் வருகிற ஒரு தொடரில் அவன் டிரைவர். ஊரையே ஆட்டிப்படைக்கிற ஒரு கடத்தல் குடும்பத்தின் கதை அது. குடும்பத் தலைவருக்குப் பெரியவர் என்று பெயர். பெரியவரின் கார் கதவைத் திறப்பதும் மூடுவதும் அவன் வேலை. வசனம் கிடையாது.

ஆனால் அந்தக் கதவை அவன் திறக்கிற அழகு இருக்கிறதே! ஒரு கையால் கதவு, ஒரு கண்ணால் தெரு, ஓர் அங்குலம் தலைகுனிவு. அவன் கதவைத் திறந்த பிறகுதான் பெரியவரே பெரியவராகத் தெரிவார். பார்க்கிறவர்கள் அவனை மனதுக்குள் கொண்டாடினார்கள். இந்த உண்மை அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தொடரின் நடுவில் டெய்லர் ஒருவனை அளவெடுத்தால் அவன் கதை முடிந்தது. சுடுகிற காட்சியில் சட்டையில் ஓட்டை விழும், சிவப்புச் சாயம் தெறிக்கும், ஒவ்வொரு டேக்குக்கும் புதுச்சட்டை வேண்டும். அதனால் ஒரே மாதிரிச் சட்டைகளை அடுக்கடுக்காகத் தைப்பார்கள். பெரியவரின் மருமகனை அளவெடுத்தார்கள், அடுத்த எபிசோடில் அவன் ஆற்றில் மிதந்தான். கணக்குப்பிள்ளையை அளவெடுத்தார்கள், அவர் லிஃப்டுக்குள் போனவர் வெளியே வரவில்லை.

மதியம் மனைவிக்கு போன் போட்டான்.

"என்னை அளந்துட்டாங்க."

"ஐயய்யோ! மறுபடியும் பிணமாவா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்தத் தொடருக்கு முன்னால் அவன் நடித்ததெல்லாம் பிணமாகத்தான். ஆஸ்பத்திரிக் கதைகளில் போர்த்திய பிணம், போலீஸ் கதைகளில் போர்த்தாத பிணம். மூச்சை அடக்குவதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தான். அந்தப் பிழைப்புக்குத் திரும்புவதை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

"சும்மா இருக்காதீங்க. போய் ரைட்டர்கிட்ட கேளுங்க."

"நான் சாகறனான்னு கேக்கக் கூடாதுடி. கேட்டவங்க யாரும் பொழைச்சதில்லை."

"அப்ப கேக்காதீங்க. நீங்க இல்லாம கதை நடக்காதுங்கறதை அவருக்குப் புரிய வையுங்க."

நல்ல யோசனை. அங்கேதான் ஆரம்பித்தது சனி.

கதாசிரியர் தன் அறையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே கசக்கி எறிந்த காகிதங்கள்.

"சார், டீ" என்று கொண்டுபோய் வைத்தான். அப்படியே நின்றான். "சார், இந்த டிரைவர் ரொம்ப விசுவாசமானவன் சார்."

"எந்த டிரைவர்?"

"நம்ம கதையில, நான். பெரியவருக்குன்னா உயிரையே குடுப்பான் சார். ஒரு குண்டு வந்தாக்கூட அவரைத் தள்ளிட்டு இவன் முன்னாடி வந்து நிப்பான். அப்படி ஒருத்தன் பக்கத்துல இருக்கணும் சார். எப்பவும் இருக்கணும்."

கதாசிரியர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். அவர் பேனாவைத் தேடினார். காரியம் ஆகிவிட்டது என்று டிரைவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான்.

எதற்கும் பெரியவரையும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம் என்று அவர் அறைக்குப் போனான். பெரியவராக நடிக்கிறவர் நிஜத்திலும் பெரிய மனிதர்தான், தோற்றத்தில். அன்றைக்கு அவர் சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்தது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஐயா, நான் பக்கத்துல இல்லாட்டி உங்களுக்கு நல்லாவா இருக்கும்? ரைட்டர் சார்கிட்டயும் இப்பத்தான் சொல்லிட்டு வர்றேன்."

"என்னப்பா சொன்ன?"

"உங்களுக்கு வர்ற குண்டை நான் வாங்கிக்குவேன்னு."

பெரியவர் எழுந்தார். அவனை அப்படியே கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். "தம்பி, இந்த உதவியை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்" என்றார். பிறகு ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கதாசிரியர் அறைக்கு ஓடினார்.

எனக்காக வாதாடப் போகிறார், என்ன பெரிய மனசு என்று டிரைவர் நெகிழ்ந்துபோனான்.

சாயங்காலம் புதுக் காட்சி கைக்கு வந்தது. கார் கதவு திறக்கிறது. எதிர்ப்பக்கம் துப்பாக்கி. டிரைவர் பெரியவரைத் தள்ளிவிட்டுக் குண்டை மார்பில் வாங்குகிறான்.

அதைப் படித்துவிட்டு நேராக டைரக்டர் முன்னால் போய் நின்றான். அழுதுகொண்டே சொன்னான்.

"சார், எனக்கு இந்தக் குடும்பத்தை விட்டா வேற யாரு சார் இருக்கா? கதவைத் திறக்கற வேலை போதும் சார் எனக்கு. காலம் முழுக்கத் திறந்துக்கிட்டே இருப்பேன் சார்!"

டைரக்டர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "யோவ் ரைட்டர்! கேட்டியா? இதுதான்யா அவன் கடைசி வசனம்! பெரியவர் மடியில படுத்துக்கிட்டு இதையே சொல்றான்!"

இத்தனை நாள் ஒரு வசனத்துக்காக ஏங்கியவனுக்கு வசனம் கிடைத்தே விட்டது. அவனே எழுதிக் கொடுத்தது.

மறுநாள் காட்சி. சட்டையை மாட்டிக்கொண்டான். அவ்வளவு நுணுக்கமாக அளவெடுத்தும் சட்டை தொளதொளவென்று தொங்கியது. சாகிறவனுக்கு எப்படித் தைத்தால் என்ன என்று டெய்லர் நினைத்திருப்பார் என்று டிரைவர் மனதுக்குள் நொந்துகொண்டான்.

ஆனால் கேமரா ஓட ஆரம்பித்ததும் அவன் வேறு ஆளாகிவிட்டான். கதவைத் திறந்தான். தலையை அந்த ஓர் அங்குலம் குனிந்தான். தெருவைப் பார்த்த கண்ணில் முதலில் துப்பாக்கி தெரிந்தது, பிறகு முடிவு தெரிந்தது. பெரியவரைத் தள்ளினான், விழுந்தான். மடியில் கிடந்தபடி, "கதவைத் திறக்கற வேலை போதும்யா எனக்கு" என்றான். சொல்லும்போதே கை மெல்ல நீண்டு, திறந்து கிடந்த கார் கதவைச் சாத்தியது. அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

லைட் பிடிக்கிறவர் மூக்கைச் சிந்தினார். மேக்கப் போடுகிற அம்மா தன் மேக்கப் கலைவதைக் கவனிக்கவில்லை. கட் சொல்ல டைரக்டரே மறந்துவிட்டார். மூச்சை அடக்கியே பழகியவன் என்பதால் டிரைவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு கைதட்டல் எழுந்தது பாருங்கள், அந்தத் தளம் அப்படி ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை. மற்ற சட்டைகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

பெரியவர் அவன் நெற்றியில் முத்தமிட்டார். "மகராசனா இரு தம்பி" என்றார். செத்தவனிடம் சொல்கிற வார்த்தையா அது?

மனைவிக்கு போன் போட்டான். "செத்துட்டேன். ஆனா நல்லா செத்தேன்."

"நீங்க எதைச் செஞ்சாலும் நல்லாத்தான் செய்வீங்க" என்றாள் அவள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "வீட்டுக்கு வாங்க, பாத்துக்கலாம்."

சாயம் காயாத சட்டையைத் திருப்பிக் கொடுக்க டெய்லர் அறைக்குப் போனான். உள்ளே ஹேங்கரில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. பட்டுக் காலர், வெள்ளிப் பொத்தான். டெய்லர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோட்டை எடுத்து அவன் தோளில் வைத்துப் பார்த்தார். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

"கோட்டு பிரமாதம்ணே. ஆனா எனக்குத் தெச்ச சட்டைதான் தொளதொளன்னு போச்சு."

டெய்லர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார்.

"அந்தச் சட்டை முதல்ல பெரியவர் சாகறதுக்குத் தெச்சதுய்யா. உன்னை அளவெடுத்தது, அடுத்த வாரம் அவர் நாற்காலியில நீ உக்காரும்போது போட்டுக்க இருந்த இந்தக் கோட்டுக்கு!"