அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த விருப்ப ஓய்வு

வீட்டில் முதல் ஆளாகப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் புத்தகத்தோடு போன முதல் ஆள் நான். (எனக்கு முன் போனவர் அப்பா. வெள்ளையடிக்கப் போனார்.) படித்து, பரீட்சை எழுதி, தென்காசியில் ஒரு வங்கியில் வேலையும் வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு என் தலை கழுத்தில் நிற்கவில்லை.

அம்மா குற்றாலத்தில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளர். அருவிக்கரையில் பெண்கள் உடைமாற்றும் அறைகள் அவள் பொறுப்பு. காலையில் எங்கள் ஊர் இலத்தூரிலிருந்து பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வருவாள். வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைவாள். அறுபது வயதுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள். அறுபது வரை வேலை பார்க்கலாம், அல்லது இப்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பென்ஷனோடு வீட்டில் இருக்கலாம்.

என் வங்கிக்கு மாதாமாதம் பென்ஷன் வாங்க வருகிறவர்களைப் பார்ப்பேன். ஏ.சி.யில் உட்கார்ந்து மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து மனதுக்குள் அழகு பார்த்தேன். (வங்கி அதிகாரியின் அம்மா இன்னும் விளக்குமாறு பிடிக்கிறாளே என்ற கூச்சமும், மதியச் சாப்பாடு சுடச்சுட வருமே என்ற ஆசையும் கூடவே இருந்தன. அவற்றை யாரிடமும் சொல்லவில்லை.)

அம்மாவிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். அவளுக்கு யோசிக்கும் சிரமம் எதற்கென்று நானே விண்ணப்பம் எழுதி, சூப்பர்வைசரிடம் கொடுக்கச் சொல்லி, அவள் பையில் வைத்தேன். மறுநாள் இரவு பையைப் பார்த்தேன். தாள் இல்லை. "குடுத்துட்டியாம்மா?" என்றதற்கு, புளி கரைத்துக்கொண்டே "குடுத்துட்டேன்" என்றாள். மூன்று மாதம் முன்னறிவிப்பு என்பது விதி. ஆக ஜூலைக் கடைசி நாள் அம்மா ஓய்வு பெறுகிறாள். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

எங்கள் பக்கத்தில் ஓய்வு பெறும் நாளில், உடன் வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். வீட்டில் விருந்து நடக்கும். நான் அதை அம்மாவுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்தேன். சூப்பர்வைசர் அண்ணாச்சிக்குப் போன் செய்து, அம்மாவுக்கு ஒரு விழா, எல்லாரும் வரவேண்டும், அவளிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்றேன். அப்பா அம்மாவுக்கு மணிவிழா என்று நினைத்துக்கொண்டு அவரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

ஜூலைக் கடைசி நாள் அம்மா பஸ் ஏறியதும் வாசலில் பந்தலும் தெருமுனையில் ஃப்ளெக்ஸும் கட்டினோம். 'பணி நிறைவு பாராட்டு விழா' என்று பெரிய எழுத்து. ஆதார் அட்டையிலிருந்து எடுத்த அம்மாவின் படம். அதைச் சுற்றி ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு ஒரு ரோஜா மாலை போட்டிருந்தார். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நேராக அப்பாவிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப எடுக்காவ?" என்று கேட்டார்.

மாலையில் சாரலோடு சாரலாக ஒரு வேன் வந்தது. அண்ணாச்சியும் பணியாளர்களும் இறங்கினார்கள். அம்மா வரவில்லை. சீசன் கூட்டம், வேலையை முடித்துவிட்டுப் பஸ்ஸில் வருகிறாளாம். அண்ணாச்சி ஃப்ளெக்ஸை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எம்மா, இந்த அக்காவ யாரு ரிடையர் பண்ணுனா? எனக்கே தெரியாம மேலருந்து ஆர்டர் வந்துட்டா?"

விண்ணப்பம் உங்கள் கைக்குத்தானே வந்தது என்றேன். அவர் மலங்க மலங்க விழித்து, என்ன விண்ணப்பம் என்றார். சீசன் நேரத்தில் அந்தம்மா இல்லாமல் பெண்கள் பக்கத்தைத் தான் எப்படிச் சமாளிப்பது என்று பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பஸ் வந்தது. நீலச் சீருடையோடு, கையில் ரம்புட்டான் பையோடு அம்மா இறங்கினாள். ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்த என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நான் எப்ப வேலைய விட்டேன்?"

"விண்ணப்பத்தைக் குடுத்துட்டேன்னியேம்மா."

"அந்தத் தாளா? பலாச்சுளை பொதிய வேற தாள் இல்ல. அதுலதான் பொதிஞ்சு அண்ணாச்சிட்ட குடுத்தேன்."

"சுளை நல்லா இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி, மிகவும் மெல்லிய குரலில்.

அத்தனை சொந்தக்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். நான்தான் படித்தவள் ஆயிற்றே. ஓய்வின் அருமை பற்றியும், இந்த வயதில் அவள் வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டியது பற்றியும் அங்கேயே ஒரு சொற்பொழிவைத் தொடங்கினேன். அம்மா ரம்புட்டான் பையைக் கீழே வைத்தாள்.

"வீட்டுல இருந்தா நிம்மதின்னு உனக்கு யாரு சொன்னா? அங்கன டூட்டி முடிஞ்சா, வாரேன்னு சொல்லிட்டுக் கிளம்பிருவேன். விட்டுருவாவ. இங்கன என்னைக்காவது விட்டிருக்கியளா? அங்கன பெரிய ஆபீசர் வீட்டம்மா வந்தாலும், வரிசையில நில்லுங்கன்னா நிப்பாவ. இங்கன ஒரு தம்ளரக் கழுவி வைன்னா, நீ எந்திக்கியா?"

சமையல்காரர்கூட கரண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நான் மூன்று மாதமாக என்னையே மெச்சிக்கொண்டு செய்த நல்ல காரியம், நல்லவேளையாகப் பலாச்சுளையில் ஒட்டிப் போயிருக்கிறது. இல்லாவிட்டால் அம்மாவின் வேலையையே பிடுங்கியிருப்பேன். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பா கையில் மாலையோடு, இதை என்ன செய்ய என்று பரிதாபமாகக் கேட்டார்.

"போடுங்க" என்று அம்மா கழுத்தை நீட்டினாள். "இவ்வளவு செலவழிச்சிருக்கு. எல்லாரும் வந்திருக்காவ. நான் ரிடையர் ஆயிக்கிடுதேன்."

எனக்கு உயிர் வந்தது. அண்ணாச்சிக்குப் போனது.

"அடுப்படியிலருந்து" என்றாள்.

முதலில் கை தட்டியவர் அண்ணாச்சிதான். பொன்னாடை போர்த்தி, அம்மாவின் புளிக்குழம்பைத் துறைவாரியாகப் புகழ்ந்து பேசினார். வந்திருந்த பெண்கள் தட்டிய தட்டலில் இன்னும் நாலைந்து வீடுகளில் விருப்ப ஓய்வு வந்துவிடுமோ என்று ஆண்கள் பயந்தார்கள். மறுநாள் விடிகாலை, சீருடையோடு என் கட்டிலருகே நின்று அம்மா காபி ஆச்சா என்று கேட்டாள்.

அன்றிலிருந்து நான்தான் சமைக்கிறேன். அம்மா காலையில் பஸ்ஸுக்கு நடக்கும்போது, ரிடையர் ஆன அக்கா டூட்டிக்குப் போறா என்று தெருவில் இப்போதும் கேலி நடக்கிறது. அவள் கண்டுகொள்வதில்லை. ஓய்வு வயதை அறுபத்திரண்டாக உயர்த்தலாம் என்று டி.வி.யில் பேச்சு வந்தால் மட்டும், சத்தத்தைக் கூட்டச் சொல்லி நிமிர்ந்து உட்காருகிறாள். அப்பா தட்டில் இருக்கும் என் சாம்பாரைப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார்.

"இன்னும் ரெண்டு வருசமா?" என்கிறார்.