மூவ் அண்ணன் சொன்னால்தான் வண்டி

நீலகிரியில் மலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே வார்த்தையால் நகர்த்திய மனிதர் எங்கள் மூவ் அண்ணன். மலையிடமும் சொல்லிப் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

எழுபதுகளில் நான் மஞ்சூரில் குடியிருந்துகொண்டு ஊட்டியில் குமாஸ்தா வேலை பார்த்தேன். காலை பஸ்ஸுக்கு அவர்தான் கண்டக்டர். மற்ற கண்டக்டர்கள் விசில் ஊதுவார்கள், 'ரைட்' என்பார்கள். இவருக்கு இரண்டும் ஆகாது.

"விசில் ஊதுனா மூச்சு வாங்குதுங்க. ரைட்டுன்னா டிரைவர் சோத்தாங்கைப் பக்கம் பாக்கறாரு. அந்தப் பக்கம் பூராப் பள்ளமுங்க. எதுக்கு வம்பு?"

ஆகவே, 'மூவ்!' அடிவயிற்றிலிருந்து வரும். முன் சீட்டில் தூங்குகிற குழந்தை வீறிட்டு அழும்.

படியில் தொங்குகிறவனுக்கு மூவ். ரோட்டில் படுத்திருக்கும் எருமைக்கு மூவ். மூட்டையோடு ஏறும் வியாபாரியிடம், "கெழங்கு மூவ் ஆவுதுங்களா?" புது மாப்பிள்ளையிடம், "மாமனார் ஊட்டுல எல்லார்த்துகிட்டயும் நல்லா மூவ் பண்றீங்களா?" திருவிழாவில் தேர் சிக்கிக்கொண்டபோது இவர் போட்ட சத்தத்தில் தேர் நகர்ந்தது, பூசாரி முதல் தேங்காய் மூடியை இவருக்குத்தான் கொடுத்தார். அந்தப் பெருமையில் ஒரு சாவு வீட்டுக்குப் போனவர், பாடையைத் தூக்கிய நேரத்தில் பழக்க தோஷத்தில் 'மூவ்' என்றுவிட்டார். தூக்கியவர்களும் பஸ்ஸில் போய்வருகிறவர்கள்தானே, கிளம்பிவிட்டார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் பாதி மொட்டைத் தலையோடு பின்னால் ஓடியதை ஊரே பார்த்தது.

எங்கள் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. பஸ் ஒரே மூச்சில் திரும்பாது. கொஞ்சம் பின்னால் வந்து, நின்று, மறுபடி ஏற வேண்டும். வண்டி உருளாமல் இருக்க, கண்டக்டர் இறங்கிப் பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போடுவார். குரல் கொடுப்பார். வண்டி நகர்ந்ததும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தொற்றிக்கொள்வார். ஒருநாள் பனிமூட்டம் கவிந்த நேரத்தில் எவனோ விளையாட்டுக்கு 'ரைட்' என்று கத்த, வண்டி கிளம்பி, அண்ணனின் விரல் மயிரிழையில் தப்பியது. அன்றே டிரைவர் சத்தியம் செய்தார், மூவ் அண்ணன் குரல் கேட்காமல் வண்டியை எடுப்பதில்லை என்று. கலெக்டரே சொன்னாலும் எடுக்க மாட்டார்.

அப்படிப்பட்ட அண்ணன் வாய் திறக்காத ஒரே இடம் ஆஸ்பத்திரி ஸ்டாப். அங்கேதான் நர்சம்மா ஏறுவார். கோயம்புத்தூர்க்காரர், ஆஸ்பத்திரியிலேயே தனியாகக் குடியிருந்து, வழியிலுள்ள ஊர்களுக்கு ஊசி போடப் போய்வருவார். அவர் சரிவில் இறங்கி வந்து, குடையை மடக்கி, சீட்டில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து முடிக்கும்வரை அண்ணன் ஊமை. எங்களுக்கு ஆபீஸ் லேட்டாகும். ஆனாலும் ஒருவரும் முணுமுணுக்க மாட்டோம். நாற்பதை நெருங்கும் பிரம்மச்சாரிக்கு இவ்வளவாவது செய்ய வேண்டாமா? அவருடைய காதல் டிக்கெட் கிழிப்பதோடு சரி. நர்சம்மாவின் டிக்கெட்டை மட்டும் ஓரம் பிசிறாமல் கிழித்துக் கொடுப்பார்.

ஒரு திங்கட்கிழமை நர்சம்மா தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக நின்றார். மாற்றலாகிவிட்டதாம். கோயம்புத்தூருக்கே போகிறாராம். அண்ணன் பெட்டியைத் தலையில் தூக்கி மேலே ஏற்றினார். அன்று அங்கே அவர் சொன்ன 'மூவ்' டிரைவருக்கே பாதிதான் கேட்டது.

வளைவு வந்தது. இறங்கினார். கட்டையைப் போட்டார். ஜன்னலோரம் வந்து நின்றார். அவ்வளவுதான்.

டிரைவர் காத்திருந்தார். இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் தேயிலை லாரி ஹாரன் அடித்தது.

"சொல்லுங்கண்ணா!" என்றேன் நான்.

பொறுக்க மாட்டாமல் பஸ் மொத்தமும் 'மூவ்!' என்று கத்தினோம். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவரு சொல்லோணுங்க" என்றார்.

நர்சம்மா ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏனுங்க, மேலுக்குச் சொகமில்லீங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்கேன்" என்றார் அண்ணன். பிறகு மலைக்கே கேட்கிற மாதிரி, "நான் சொன்னா வண்டி போயிருமுங்க. வண்டி போனா நீங்க போயிருவீங்க" என்றார்.

பஸ்ஸுக்குள் ஒரு கோழி மட்டும் சத்தம் போட்டது. அதன் வாயையும் யாரோ பொத்தினார்கள்.

நர்சம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கம் என்று நினைத்தேன். கோபம்.

"இத்தனை நாள் வாய்ல என்னங்க வெச்சிருந்தீங்க? ஆஸ்பத்திரிகிட்டயே இதச் சொல்லியிருந்தா பொட்டியவே ஏத்தியிருக்க மாட்டனே! இப்ப எங்கப்பா ஊட்டி பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கறாரு. வந்து அவருகிட்டப் பேசுங்க!" என்றவர் முன்னால் திரும்பி, "டிரைவரண்ணா, மூவ்!" என்றார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அண்ணன் சக்கரத்தைவிட்டுத் தள்ளி, ஜன்னலடியில், வாயைப் பிளந்தபடி நிற்பது தெரிந்தது. வண்டியை எடுத்துவிட்டார்! சத்தியம் என்னாயிற்று என்று அப்புறம் கேட்டேன். "இனிமே அந்தம்மா சொன்னாலும் அவரு சொன்ன மாதிரிதானுங்க" என்றார்.

அண்ணன் கட்டையைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்து தொற்றினார். ஊட்டி வந்ததும் அதே கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே போய்ப் பெண் கேட்டார். பயத்திலோ என்னவோ, அந்த அப்பா உடனே சம்மதித்துவிட்டார். கல்யாணம் முடிந்து, நர்சம்மா மாற்றல் வாங்கிக்கொண்டு மஞ்சூருக்கே திரும்பி வந்தார்.

இன்றும் அந்தப் பக்கம் போனால் எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் கிளம்பினால் அண்ணன் வாசலை மறித்து நிற்பார். நர்சம்மா உள்ளேயிருந்து, "ஏனுங்க, வாசல்ல இருந்து மூவ் ஆகுங்க, அவுங்க பஸ்ஸுக்குப் போகோணும்" என்பார். அண்ணன் அசைய மாட்டார். ஊரையே நகர்த்தியவர் அந்த வார்த்தையை வீட்டுக்கு வந்த என்னிடம் இதுவரை சொன்னதில்லை.

"அடுத்த பஸ்ஸுல போலாமுங்க" என்பார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவர் சொல்லாமல் நான் எப்படி நகர்வது?